அலை மேப்பிள்: ரேகை பார்த்து வாங்குவது முதல் பாலிஷ் வரை

பாலிஷ் போட்ட அலை மேப்பிள் பலகையில் புலிவரி போல வெளுப்பும் கறுப்பும் மாறி மாறி ஓடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அதைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வெளுப்பாக இருந்த பட்டை கறுக்கும், கறுத்திருந்தது வெளுக்கும். அங்கே நிறமே கிடையாது. நார் நேராக ஓடாமல் அலையடித்துக்கொண்டு ஓடுகிறது. பலகையாக அறுக்கும்போது வாள் அந்த அலையை வெட்டிக்கொண்டு போவதால், மேற்பரப்பில் ஓர் இடத்தில் நார் படுத்திருக்கும், அடுத்த இடத்தில் அதன் வெட்டுமுனை எட்டிப் பார்க்கும். படுத்த நார் ஒளியைத் திருப்பி அனுப்பும், வெட்டுமுனை விழுங்கிக்கொள்ளும்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் இந்த மரம் செய்யும் சேட்டை எல்லாம் புரிந்துவிடும். இழைக்கும்போது சிலும்புவது (நார் பிய்ந்து குழி விழுவது), சாயம் திட்டுத் திட்டாக ஏறுவது, மெல்லிய கால் சட்டென்று ஒடிவது, வளைக்கும்போது வரிக்கு வரி மடங்குவது, எல்லாவற்றுக்கும் அந்த வெட்டுமுனைதான் காரணம். அழகும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

எந்த மேப்பிள்?

மேப்பிள் என்று விற்பது ஒரே மரம் அல்ல. ஹார்ட் மேப்பிள் என்றால் வட அமெரிக்காவின் சர்க்கரை மேப்பிள், கூடவே கறுப்பு மேப்பிள். உலர்ந்த சர்க்கரை மேப்பிள் கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் கனக்கும். ஜான்கா கடினம் 1,450 பவுண்டு. சுமார் 11.3 மில்லிமீட்டர் எஃகுக் குண்டைப் பாதி மரத்துக்குள் அமுக்க அவ்வளவு விசை வேண்டும் என்று பொருள். கூடைப்பந்து அரங்கின் தரைக்கு இதைப் போடுவது அதனால்தான். சாஃப்ட் மேப்பிள் என்ற பெயரில் வருபவை சிவப்பு மேப்பிள் (ஜான்கா 950), சில்வர் மேப்பிள் (700), அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பெரிய இலை மேப்பிள் (850). பெயரில் 'சாஃப்ட்' இருக்கிறதே என்று பைன் மாதிரி நினைத்துவிட வேண்டாம். சிவப்பு மேப்பிளில் வீட்டுச் சாமான் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

ஐரோப்பாவில் வயலின்காரர்கள் எடுக்கும் மேப்பிளை பிரிட்டனில் 'சிகமோர்' என்பார்கள். அமெரிக்காவில் சிகமோர் என்றால் அது வேறு குடும்பத்து மரம். வெறும் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் இங்கே ஏமாற வாய்ப்பு உண்டு.

ரேகைக்கும், அதாவது நாரின் ஓட்டத்தால் பலகையில் தெரியும் கோலத்துக்கும், மரவகைக்கும் தொடர்பு இருக்கிறது. சுருள் ரேகை எல்லா மேப்பிளிலும் வரும். பறவைக்கண் பெரும்பாலும் சர்க்கரை மேப்பிளில்தான். குவில்ட் எனப்படும் புடைப்பு ரேகை பெரும்பாலும் பெரிய இலை மேப்பிளில். ஆகவே யாராவது 'ஹார்ட் மேப்பிள் குவில்ட்' என்று விற்றால் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பலகையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பது எளிய சோதனை. பெரிய இலை மேப்பிளில் நகம் பதியும், சர்க்கரை மேப்பிளில் நகம்தான் வலிக்கும்.

ரேகை வகையும் அறுக்கும் திசையும்

கர்லி, டைகர், ஃப்ளேம், ஃபிடில்பேக் என்று பல பெயர்களில் விற்றாலும் எல்லாம் சுருள் ரேகைதான். வரி நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால் ஃபிடில்பேக் என்பார்கள், வயலினின் முதுகுப் பலகைக்குப் போவதால் வந்த பெயர். இந்த அலை மரத்தைச் சுற்றியுள்ள திசையில் இடமும் வலமுமாக அசைகிறது. அதனால் பட்டையிலிருந்து நடுத்தண்டை நோக்கிய தளத்தில், அதாவது ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த குவார்ட்டர் அறுப்பில், இது முழுப் பலத்தோடு தெரியும். அதே மரத்தைத் தட்டையாக, அதாவது வளையங்கள் பலகை முகத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும்படி, அறுத்தால் வரி இருக்கும், ஆனால் மங்கும், நடுவில் விட்டுப்போகும்.

குவில்ட் இதற்கு நேர்மாறு. அங்கே நார் உள்ளும் வெளியுமாகப் புடைக்கிறது. தெளிந்த தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் கிடப்பது போன்ற அந்தத் தோற்றம் தட்டை அறுப்பில்தான் கிடைக்கும். குவில்ட் கட்டையைக் குவார்ட்டரில் அறுத்தால் அது சாதாரணச் சுருள் ரேகை போலத்தான் நிற்கும். பணம் கொடுத்து வாங்கிய புடைப்பு காணாமல் போய்விடும். பறவைக்கண்ணும் தட்டை அறுப்புக்கும் உரித்தெடுக்கும் வெனியருக்கும் (மெல்லிய மர ஏடு) உரியது. 2, 3 மில்லிமீட்டர் அகலச் சிறு கண்கள். ஒவ்வொன்றிலும் நார் ஒரு கூம்பு போலக் குழிந்து உள்ளே போகிறது. அது ஏன் உண்டாகிறது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை.

நிற்கும் மரத்தில் சுருள் இருக்கிறதா என்று சில சமயம் தண்டின் மேலேயே தெரியும். பட்டை உரிந்த இடத்தில் துவைகல் மாதிரிக் குறுக்கு வரி தட்டுப்படும்.

மரத்தில் புடைத்த முண்டிலிருந்து (பர்ல்) அறுக்கும் முண்டு மேப்பிளில் நாருக்குத் திசையே கிடையாது. பூஞ்சை பிடித்துக் கறுப்புக் கோடு ஓடியது, அம்ப்ரோசியா வண்டு துளைத்துச் சாம்பல் தீற்றல் விட்டது ஆகிய இரண்டும் நார் அலையே அல்ல, வெறும் நிறம். பூஞ்சைக் கோடு விழுந்த கட்டையில் சில இடம் பஞ்சு போல இருக்கும். மெல்லிய சூப்பர் குளூவோ நீர்த்த எபாக்சியோ ஊற்றி இறுக வைத்த பிறகே அதை இழைக்க முடியும்.

வாங்கும்போது

அமெரிக்க நேஷனல் ஹார்ட்வுட் லம்பர் அசோசியேஷனின் தர விதிகள் குறையற்ற மரம் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் அளக்கின்றன. எஃப்ஏஎஸ் எனும் உயர்தரம் என்றால் குறைந்தது 6 அங்குல அகலம், 8 அடி நீளம், மட்டமான முகத்திலும் 83⅓ சதவீதம் சுத்தமான மரம். ரேகை அந்தக் கணக்கில் வரவே வராது. கிடார் மரக் கடைகளில் '3ஏ', '5ஏ' என்று போடுவது விற்பவர் தாமாக வைத்துக்கொள்ளும் தரம். ஒருவருடைய 5ஏ இன்னொருவருக்கு 3ஏ. படத்தைப் பார்த்து வாங்குவதானால், ஒரே விளக்கின் கீழ் பலகையைச் சாய்த்துக் காட்டும் காணொளி கேளுங்கள். ஒரே ஒரு படத்தில் வரி வெட்டவெளிச்சமாகத் தெரிந்தால், விளக்கு சரியான கோணத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தாண்டி அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

நேரில் என்றால் இன்னும் எளிது. வாள் அறுத்த கரடுமுரடான முகத்திலேயே குறுக்குப் பட்டைகள் சொரசொரப்பாகவும் வழவழப்பாகவும் மாறி மாறித் தெரியும். விரல் நுனியை நீளவாக்கில் ஓட்டினால் தட்டுப்படும். சந்தேகம் என்றால் மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் ஒரு துடைப்பு. பாலிஷ் போட்டால் எப்படி இருக்கும் என்பது சில நொடிகள் கண்ணில் நிற்கும். தண்ணீரிலும் தெரியும், ஆனால் நார் எழும்பும். இரண்டு முகத்தையும் ஓரத்தையும் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் இருந்து மறுமுகத்தில் இல்லாத ரேகை, இழைக்க இழைக்கக் கரைந்து போகக்கூடும்.

25 மில்லிமீட்டர் கரட்டுப் பலகையிலிருந்து சாதாரண மரத்தில் 20 மில்லிமீட்டர் எடுக்கலாம். அலை மேப்பிளில் 18 என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். சிலும்பலை இறக்கவே ஒரு மில்லிமீட்டர் போய்விடும்.

ஈரமும் அசைவும்

மேப்பிள் நன்றாகவே அசையும் மரம். பச்சையிலிருந்து முழு உலர்வுக்குச் சர்க்கரை மேப்பிள் வளையத் திசையில் 9.9 சதவீதமும் ஆரத் திசையில் 4.8 சதவீதமும் சுருங்கும். நடைமுறைக் கணக்கு இது: 300 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை அறுப்புப் பலகையில் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்கினால் அகலத்தில் ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர் குறையும். அதே அகலம் குவார்ட்டர் அறுப்பில் 2 மில்லிமீட்டர்தான். சட்டத்துக்குள் பேனல் வைக்கும்போது பள்ளத்தின் ஆழத்தை இந்தக் கணக்கில் விடுங்கள், பேனலைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்.

அலை ரேகைக்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. வெட்டுமுனை வரும் பட்டையும் நார் படுத்திருக்கும் பட்டையும் ஈரத்துக்கு ஒரே அளவில் உப்புவதில்லை. அதனால் முழுக்க உலராத பலகையை இன்று கண்ணாடி மாதிரி இழைத்து வைத்தாலும், சில வாரத்தில் விரலுக்கு லேசான அலை தட்டும். பளபளப்பான பாலிஷில் அது அப்பட்டமாகத் தெரியும். வேலை செய்யும் அறையிலேயே பலகையைக் காற்றோட இடைக்குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டு, ஈரமானியில் இரண்டு முறை ஒரே எண் வந்த பிறகு கை வையுங்கள். முதல் நாள் 2 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து இழைத்து, சில நாள் கழித்து முழு அளவுக்குக் கொண்டுவருவது இன்னும் நல்லது.

பிளந்து இரட்டையாக்குவது

ஒரு பலகையைக் கனத்தில் பிளந்து புத்தகம் போல விரித்து ஒட்டுவதுதான் அலை மேப்பிளின் பழைய வித்தை. பேண்ட் சாவில் (நாடா வாள்) அங்குலத்துக்கு 3 பல் உள்ள அகலமான பிளேடு, புதுக் கூர், நிதானமான தள்ளல் போதும். 25 மில்லிமீட்டர் பலகையில் இரண்டு 9 மில்லிமீட்டர் துண்டு எதிர்பார்க்கலாம். இழைத்து முடிக்கும்போது 7 நிற்கும். பிளந்தவுடன் இரண்டும் உள்ளழுத்தம் விட்டு வளையும். இடைக்குச்சி வைத்து மேலே கனம் ஏற்றிச் சில நாள் விட்டுவிடுங்கள். வாள் தின்னும் கனமும் இழைக்கும் கனமும் கூடக் கூட இரண்டு முகத்து வரியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும், அதனால் பிளந்த முகத்தில் எவ்வளவு குறைவாக இழைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று. புத்தகம் போல விரித்த இரண்டு பாதியும் கோடு கோடாகப் பொருந்தினாலும், வெளிச்சத்தில் ஒரு பாதியில் வெளுக்கும் வரி மறுபாதியில் கறுத்திருக்கும். ஒட்டில் வெளுப்பும் கறுப்பும் நேருக்கு நேர் முட்டும். அறுப்பில் தவறு எதுவும் இல்லை. ஒரு துண்டு மறுபக்கம் புரண்டு கிடப்பதால், இங்கே மேலே ஏறும் நார் அங்கே கீழே இறங்குகிறது. இரண்டும் ஒன்றாக மின்ன வேண்டும் என்றால் புரட்டாமல் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒட்ட வேண்டும். அப்போது வரியின் சாய்வு கூடாரம் போல எதிரெதிராக நிற்காது, ஒரே பக்கம் சாயும். கிடார் மேற்பலகைக்குப் புரட்டி ஒட்டியதும், அகலமான மேசைக்குப் புரட்டாமல் ஒட்டியதும் எனக்குப் பிடிக்கும். மேசையை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள், பாதி கறுத்துப் பாதி வெளுத்து நிற்பது கண்ணை உறுத்தும்.

சிலும்பாமல் இழைப்பது

நேர் நார் மரத்தில் எந்தப் பக்கம் இழைக்க வேண்டும் என்று ஓரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அலை மேப்பிளில் அந்தப் பேச்சே இல்லை. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பாதி வரி எதிர்த்து நிற்கும். எதிர்க்கும் இடத்தில் கத்தி நாரை வெட்டுவதற்கு முன் நெம்புகிறது. நெம்பிய பிளவு நாரோடு சரிந்து கீழே இறங்கி, பிறகு ஒடிகிறது. பிறை வடிவில் ஒரு குழி மிஞ்சும், ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்கலாம். பறவைக்கண்ணில் கண்ணின் நடுவே சிறு கூம்பு பெயர்ந்து வந்துவிடும்.

இயந்திர பிளேனரில் செய்ய வேண்டியவை: கத்தி புதுக் கூர், ஒரு தடவைக்கு 0.4 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது, வேக மாற்றம் இருந்தால் மிக மெதுவான ஓட்டம். பலகை குறுகலானால் நேராக விடாமல் கொஞ்சம் சாய்த்து விடுங்கள். சிறு கார்பைடு வில்லைகள் சுருளாகப் பொருத்திய உருளை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது; அதிலும் தேய்ந்த வில்லை சிலும்பலை உண்டாக்கும், அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். நேர்க்கத்திப் பிளேனர் மட்டும்தான் என்றால், கடைசி இரண்டு மூன்று தடவைக்கு முன் முகத்தை ஈரத்துணியால் துடைத்து ஒன்றிரண்டு நிமிடம் விட்டு ஓட்டுங்கள். நனைந்த நார் இளகி, ஒடியாமல் வெட்டுப்படும். முடித்ததும் பிளேனரின் தளத்தை உலரத் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். இத்தனைக்கும் பிறகு சிலும்பினால் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே பிளேனரை நிறுத்திவிட்டு, உப்புத்தாள் சுற்றிய உருளை சுழலும் டிரம் சாண்டருக்குப் போங்கள். 'இன்னும் ஒரே தடவை' என்று போனவர்கள்தான் பலகையை விறகாக்கியவர்கள்.

கை இழைப்புளிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வெட்டுக்கோணத்தை ஏற்றுவது. 45 பாகையில் கத்தி நிற்கும் சாதாரண இழைப்புளியில் கத்தியின் தட்டை முகத்தில் 15 பாகை சிறு சரிவு தீட்டினால் 60 பாகை ஆகிவிடும். சரிவு மேலாக நிற்கும் 12 பாகை இழைப்புளியில் கத்தியை 50 பாகைக்குத் தீட்டினால் 62. இந்தக் கோணத்தில் சீவல் நெம்புவதற்கு முன்பே நொறுங்கி மடங்கிவிடுகிறது. விலை என்னவென்றால் தள்ளுவது கடினம், கூர் சீக்கிரம் போகும், முகத்தின் மினுமினுப்பு ஒரு மாற்றுக் குறையும்.

இரண்டாவது வழி கத்தியின் மேல் நிற்கும் சீவல் தடுப்பை நெருக்குவது. எனக்கு இதுதான் முதல் தேர்வு, ஏனென்றால் இதற்குப் புதுக் கத்தியும் வேண்டாம், புது இழைப்புளியும் வேண்டாம். தடுப்பின் முன் ஓரத்தை 50 பாகை அளவில் தீட்டி, கத்தி விளிம்பிலிருந்து 0.1 முதல் 0.2 மில்லிமீட்டரில் வையுங்கள். கண்ணுக்கு ஒரு தலைமுடி அளவு வெள்ளிக் கோடு தெரிந்தால் போதும். கத்திக்கும் தடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தெரிந்தால் சீவல் அங்கே போய் அடைக்கும். சரியாக அமைந்ததற்கு அடையாளம் சீவல்தான். தடுப்பு தள்ளி இருக்கும்போது அது சுருண்டு சுருண்டு விழும்; நெருக்கி வைத்ததும் இழைப்புளியின் வாயிலிருந்து நிமிர்ந்து, நேராக ஒரு நாடா போல மேலே எழும். மிக நெருக்கினால் சீவல் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக வரும், தள்ளவும் முடியாது. அப்போது ஒரு இம்மி பின்னால் தள்ளுங்கள். வாயின் திறப்பைச் சிறிது அகலமாக விட வேண்டியிருக்கும், இல்லையென்றால் நிமிர்ந்த சீவல் சிக்கிக்கொள்ளும்.

முண்டுக்கும் கண்ணுக்கும் தட்டை ஸ்க்ரேப்பர் (சுரண்டும் எஃகுத் தகடு) நல்ல கருவி. ஆனால் மென்மையான சாஃப்ட் மேப்பிளில் அதை அளவுக்கு மீறி ஓட்டாதீர்கள். நார் படுத்த பட்டையும் வெட்டுமுனைப் பட்டையும் அழுத்தத்துக்கு வேறு வேறு அளவில் அமுங்குவதால், தேய்க்கத் தேய்க்கத் துவைகல் வரி உருவாகும். மெத்தென்ற அடிப்பட்டை வைத்த சாண்டரும் இதே குற்றம் செய்யும், அதனால் கடினமான பலகைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பதே சரி.

சிலும்பல் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க மினரல் ஸ்பிரிட்டைத் தடவி, விளக்கைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். பிறைக் குழி ஈரத்தில் கறுப்பாக நிற்கும். சாயம் போட்ட பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சுழலும் வெட்டியால் பள்ளமும் விளிம்பும் குடையும் ரூட்டரில் வேறு தொல்லை: எரிவது. ஹார்ட் மேப்பிள் அடர்த்தியானது, கருவி ஒரு கணம் நின்றாலும் பழுப்புத் தழும்பு விழும். பலமுறை பிரித்து எடுங்கள், கடைசிக்கு அரை மில்லிமீட்டர் வைத்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக முடியுங்கள். வட்ட வாளில் எரிந்தால் முதலில் வேலியும் (பலகையை நேராக ஓட்டிச்செல்லும் சட்டம்) பிளேடும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு பிளேடில் ஒட்டிய பிசினைக் கழுவுங்கள், கூர் போய்விட்டது என்ற முடிவுக்கு அதன் பிறகு வரலாம்.

எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மேப்பிள் மட்டையின் கைப்பிடியில் ஒரு மைப்புள்ளி வைப்பார்கள். மை நாரோடு ஓடும், அது எத்தனை பாகை சாய்கிறது என்று பார்ப்பார்கள், 3 பாகைக்கு மேல் போகக் கூடாது. அலை ரேகையில் நார் அதைவிடப் பலமடங்கு சாய்கிறது. மெல்லிய நாற்காலிக் கால், கம்பி, நீண்ட அலமாரித் தட்டு, சன்னமான கைப்பிடி இவற்றுக்கு நேர் நார் மேப்பிளையே எடுங்கள். அலைப் பலகையைக் கதவுப் பேனல், இழுப்பறை முகம், பெட்டி மூடி, மேசை நடு என்று பாரம் தாங்காத, வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். ஒரு அலமாரியில் எல்லாப் பலகையும் புலிவரியாக இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். சுற்றிலும் சாதுவான சட்டம் இருக்கும்போதுதான் நடுப் பேனல் பேசும்.

வாத்தியத்தில் இதற்குப் பழைய இடம் உண்டு. இத்தாலியின் கிரெமோனா நகரத்து வயலின் கைவினைஞர்கள் வயலினின் முதுகுக்கும் பக்கப் பட்டைக்கும் மேப்பிளையே எடுத்தார்கள், முன்பலகைக்கு ஸ்ப்ரூஸ். 1958-இல் கிப்சன் லெஸ் பால் கிடாரின் தங்க நிறப் பூச்சு போய், அடியில் உள்ள மேப்பிள் தெரியும் செந்நிறச் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுக்கும் பூச்சு) வந்த பிறகுதான் எலெக்ட்ரிக் கிடார்காரர்கள் இந்த வரிக்குப் பித்தானார்கள். கிடார் பக்கப் பட்டையை வளைப்பதானால் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைத்து இழையுங்கள். மணிக்கணக்கில் ஊறப்போட வேண்டாம், பட்டை அலையலையாக நெளியும். லேசாகத் தண்ணீர் தெளித்து, வெளிப்பக்கம் மெல்லிய எஃகுத் தகடு தாங்க, சூடு ஏறியபின் மெதுவாக வளையுங்கள். தகடு இல்லாமல் வளைத்தால் வளைவு உருண்டையாக வராது, ஒவ்வொரு வரியிலும் ஒரு மடிப்பு விழும். இடுப்பு வளைவில் ஒடிவது அங்கேதான்.

வெயில் மழை படும் இடத்துக்கு எந்த மேப்பிளும் ஆகாது, சீக்கிரம் மக்கும்.

சாயமும் பாலிஷும்

முதலில் பசை. ஒட்டுக்கு வெளியே பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தால் அது நாருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாயம் போட்டதும் அந்த இடம் வெளுத்துப் பல்லிளிக்கும். ஒட்டின் இருபுறமும் டேப் ஒட்டிவிட்டுப் பசை போடுங்கள், பிதுங்கியது ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவி எடுங்கள்.

உப்புத்தாள் 120, 150, 180, 220 என்ற வரிசையில், ஒன்றையும் தாண்டாமல். மேப்பிளின் துளைகள் மிகச் சிறியவை, மறைத்துக் காப்பாற்ற அங்கே ஒன்றும் இல்லை. 120-இன் கீறல் ஒன்று மிஞ்சினாலும் சாயத்தில் கறுப்புக் கம்பி போலத் தெரியும். 220 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, எழுந்த நாரை 320-ஆல் லேசாகத் தட்டிவிடுங்கள். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில், வைத்திருக்கிறது. பூஞ்சை பிடித்த மேப்பிளானாலும் நல்ல மேப்பிளானாலும் முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

நிறமி கலந்த ஸ்டெயின் இந்த மரத்துக்கு எதிரி. அதன் துகள் கண்ட இடத்தில் தங்கித் திட்டு விழ வைக்கும், ஒளியை மறைத்து மினுமினுப்பையும் கொல்லும். கரையும் சாயம்தான் சரி, அது துகளாக நிற்காமல் நாருக்குள் ஒளி ஊடுருவும்படி ஏறும்.

வரியைத் தூக்கிக் காட்டும் வழி இது. தண்ணீரில் கரையும் கரும்பழுப்புச் சாயத்தைப் பாதிச் செறிவில் கலந்து, தாராளமாகப் பூசி, உடனே துடையுங்கள். இரவு முழுக்க உலரட்டும். பலகை பார்க்க அசிங்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். கட்டையில் சுற்றிய 220 உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தால், நார் படுத்த பட்டையில் சாயம் மேலாகத்தான் இருப்பதால் போய்விடும். வெட்டுமுனைப் பட்டையில் ஆழமாகக் குடித்ததால் தங்கிவிடும். ஓரங்களில் கை அழுந்தி வெளுத்துவிடாமல் பாருங்கள். அதன் மேல் தேன் நிறச் சாயம் மிக மெலிதாக ஒரு கை. பிறகு மெழுகு நீக்கிய ஷெல்லாக், லிட்டர் மெதிலேட்டட் ஸ்பிரிட்டுக்கு (ஆல்கஹால்; மினரல் ஸ்பிரிட் அல்ல) 120 கிராம் வீதம், இரண்டு கை. கடைசியில் வார்னிஷோ லாக்கரோ உங்கள் விருப்பம். வீணாகப் போகும் துண்டில் இந்த எல்லாப் படியையும் பாலிஷ் வரை செய்து பார்த்த பிறகே நல்ல பலகையில் கை வையுங்கள், அதே பலகையின் துண்டாகவும் இருக்க வேண்டும்.

கறுப்புச் சாயத்தை அப்பி வரியைக் கத்த வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. என் கண்ணுக்கு அது வரிக்குதிரை. நிறம் ஏறி உறைந்துபோன வரி, வெளிச்சம் மாறும்போது அசைவதில்லை; அசையாத அலை மேப்பிளுக்குப் பதில் அச்சடித்த லாமினேட்டே போதும். இலேசான முதல் சாயம்தான் அசைவையும் விட்டுவைக்கும்.

18-ஆம் நூற்றாண்டுப் பென்சில்வேனிய நீளத் துப்பாக்கிகளின் சுருள் மேப்பிள் கட்டைகளுக்கு இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசி, சூடு காட்டிச் செம்பழுப்பு ஆக்கினார்கள். அந்த நிறத்துக்கு இன்றும் ஈடு இல்லை. ஆனால் அமிலப் புகை விளையாட்டு அல்ல, மிஞ்சிய அமிலத்தை முறிக்காவிட்டால் வருடக்கணக்கில் மரம் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறிக்கொண்டே போகும். சாயமே போதும் என்பது என் கட்சி.

வெள்ளையாகவே வேண்டும் என்பவர்கள் தண்ணீர் அடிப்படை பாலிஷ் போடுவார்கள். நிறம் நிற்கும், வரி மட்டும் தட்டையாகத் தெரியும். கீழே வெளிர் ஷெல்லாக் ஒரு கை போட்டால் அந்தச் சோகை கொஞ்சம் தெளியும். ஆளிவிதை எண்ணெய் வரியை மிக ஆழமாகக் காட்டும், ஆனால் வருடம் போகப் போக மஞ்சளாகும், மேப்பிளும் தானாகவே வெளிச்சத்தில் மஞ்சளாகும், இரண்டும் சேர்ந்து தேன் நிறத்துக்குப் போய்விடும். எண்ணெய் போட்டால் பத்து நிமிடத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள், வெட்டுமுனையிலிருந்து ஒரு மணி நேரம் வரை எண்ணெய் கசிந்து முத்து முத்தாக நிற்கும், அதையும் துடைக்க வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு விடும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். வெளியில் ஒற்றையாக விரித்து, விறைத்துக் காய்ந்த பிறகு எறியுங்கள்.